முகம் போடாத பலகை

1

இந்தக் கதை ஒரு பேக்கரியில் தொடங்கியது. அப்படி ஒரு பேக்கரி கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோர இடம். கேரள எல்லையில், பாறசாலை முக்கில் பஸ் நின்றபோது ஒரு வெள்ளைப் பலகை தெரிந்தது. அந்த முக்கில் வெள்ளைக்கு இடமே கிடையாது. கட்சிக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கிய பிள்ளைகள், இறந்தவர்கள் என்று எல்லா முகங்களும் அங்கே தோளை இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் இது மட்டும் ஒன்றும் இல்லாமல் நின்றது. மத்தியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சாம்பல் நிறத்தில், ராபின்சன் என்று ஒரு பெயர். பெயருக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. கீழே, கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற அளவில்: ஞாயிறு, மூன்று மணி, வீட்டில்.

வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார்களே, அந்த மாதிரி ஏதோ என்று நினைத்தேன். பஸ் கிளம்பியது.

அது மரண அறிவிப்பு.

(இதைக் கடைசிவரை மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த அதிர்ச்சி கதையின் முடிவில் வரும் அதிர்ச்சிபோல வரவில்லை. சில மாதங்கள் கழித்து முட்டை வாங்கப் போன ஒரு வீட்டில், கோழிக்கூட்டின்மேல் மழைக்கு விரித்திருந்த ஃப்ளெக்ஸில் அதே ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தேன். "இந்தக் கடை திறக்கவே இல்லையா?" என்று கேட்டேன். வீட்டுக்காரி ஜெயபாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டைகள் அவள் கையில் இருந்தன.)

அவள் சொன்னது கொஞ்சம். மீதி நான் கட்டியது. எங்கே ஒட்டுப்போட்டேன் என்று தேடாதீர்கள்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்.

"உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் தங்கள் சின்னங்களிலிருந்து முதலில் நிழலை எடுத்தன. பிறகு கோடுகளை எடுத்தன. பிறகு எழுத்தின் வாலையும் கொம்பையும் எடுத்தன. பிறகு..." இது கட்டுரை. ஆனால் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். பணம் அனுப்பும் ஆப், சோறு வரவழைக்கும் ஆப், டாக்டரைப் பார்க்கும் ஆப், எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வெள்ளை, சின்ன எழுத்து, ஒரு வட்டம். இது தானாக நடந்ததில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சிலர் உட்கார்ந்து எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி அஜிஷா.

"அஜிஷா அழவில்லை." இந்த வரியை எழுதியதும் எனக்கே எரிச்சல் வந்தது. கதைகளில் வரும் படித்த பெண்கள் ஏன் அழுவதே இல்லை?

"ராபின்சன் நல்ல மனுஷன்." யார் இல்லை?

"கண்டக்டரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை." இது சரி. இதிலிருந்து போகலாம்.

3

கண்டக்டரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. ராபின்சன் பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே ஓடிய அரசு பஸ்ஸில் தலை நரைக்கும்வரை டிக்கெட் கிழித்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவர்கள், பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், குடித்துவிட்டு இறங்க மறந்தவர்கள், எல்லோருக்கும் அந்த முகம் தெரியும். பெயர் அவருடைய சபையாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் டிப்போவுக்கும் மட்டும் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் கடைத்தெருவுக்குப் போய்வர நேரமாகும். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்துவார்கள். மனைவி ஜெயபாய்க்கு அதில் எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு.

"நீரு போற அண்ணைக்கு ஹைவே பிளாக் ஆவும், பாத்துக்கிடும்" என்பாள்.

"அதப் பாக்க நான் இருக்க மாட்டேனே."

"நான் இருப்பேன்லா. நான் பாத்துக்கிடுதேன்."

இப்படித்தான் அவர்கள் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்தார்கள். முப்பது நாற்பது வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்திய ஒருத்தி கடைசியில் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டாள். அந்த முகத்தை வழியனுப்ப அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில், ராபின்சன் போய்விட்டார்.

4

இங்கேதான் எனக்கு ராபின்சனின் மகள் அஜிஷாவோடு தகராறு.

முதல் வரைவில் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். பெங்களூரில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள், கொரோனாவுக்குப் பிறகு ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள், ஊர்ப் பலகைகளைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவள். எழுத எளிதாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. திமிர் பிடித்தவள் என்றால் அப்பாவின் பலகைக்காக அபிலாஷின் ஃப்ளெக்ஸ் கடைக்கு அவளே ஏன் ஓட வேண்டும்? சபைக்காரர் யாரையாவது அனுப்பியிருப்பாள்.

அபிலாஷின் கம்ப்யூட்டரில் இறந்தவர்களுக்கான மாதிரி தயாராக இருந்தது. நீல வானம், மேகம், இரண்டு புறா, ஒரு மெழுகுவர்த்தி, மேலிருந்து சாய்ந்து விழும் ஒளி. நடுவில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை. முகத்தை அதில் வைத்தால் வேலை முடிந்தது.

"போட்டோ அனுப்புங்கக்கா" என்றான்.

அஜிஷா போனைத் திறந்தாள். கடைசிப் படங்களில் மூக்கில் குழாய் இருந்தது. முகம் ஊதியிருந்தது. அதற்கு முந்திய படங்களில் அப்பா கண்ணை மூடியிருந்தார். ராபின்சனுக்கு அந்த வழக்கம் உண்டு. கேமராவைக் கண்டால் கண் மூடிக்கொள்ளும். அவள் விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். எல்லாவற்றிலும் அப்பா கண்ணை மூடியே இருந்தார்.

"போட்டோ வேண்டாம் அபி."

"வேண்டாமா? பின்ன இந்த ஓட்டையில என்னத்த வைக்க?"

"ஓட்டையே வேண்டாம். புறாவ எடு."

"எடுத்தாச்சு."

"மேகத்த."

"அதும் போச்சு. மெழுகுவர்த்தி கெடக்கட்டா? பாக்கியதுக்கு ஒரு இது உண்டும்லா."

"வேண்டாம்."

"ஆதராஞ்சலிண்ணு உள்ள எழுத்து?"

"எடு. பாக்கியவங்களுக்குத் தெரியும்."

துக்கத்தில் மனிதர்கள் கைக்குப் பழகிய வேலையைச் செய்வார்கள். சமைக்கத் தெரிந்தவள் அடுப்பங்கரைக்குப் போவாள். பாடத் தெரிந்தவர் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார். அஜிஷாவின் கைக்கு எடுக்கத் தெரியும். எடுக்க எடுக்க அவளுக்கு மூச்சு சீரானது. எல்லாம் போன பிறகு அபிலாஷ் நாற்காலியில் சாய்ந்து திரையைப் பார்த்தான்.

"எக்கா, இது கொச்சியில உள்ள பெரிய கடைக்காரனுக்க லுக்காக்கும். நம்ம பக்கத்துல ஒருத்தனும் இப்பிடிச் செய்யேல. சூப்பர்."

அப்பா இறந்த நாளில், அந்த 'சூப்பர்' அவளுக்கு ஆறுதலாக இருந்தது. (இந்த வரியை நீக்கச் சொல்லி உள்ளே ஒரு குரல் சொல்கிறது. நான் நீக்கப் போவதில்லை. இந்தக் கதையில் இதுவரை நீக்கியதே போதும்.)

பத்திரிகை ஏஜென்ட், படம் இல்லாமல் மரணச் செய்தி போட மாட்டார்கள் என்றார். அப்படியானால் வேண்டாம் என்றாள். பலகையின் படத்தையே அப்பாவின் போனிலிருந்து, பழைய பஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் தெரிந்தவர்களுக்கும் அனுப்பினாள். பிறகு அந்தப் போனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் இறக்கியிருந்தார்கள். சபையார் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். மீதி நாற்காலிகள் அடுக்கியபடியே ஓரத்தில் நின்றன.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஜெயபாய் அடிக்கடி தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்தாள்.

"பஸ்ஸுல வாற ஆளுவள எங்க மக்ளே?"

"வருவாங்கம்மா."

"தெரியாதோ என்னவோ."

"போர்டு வச்சிருக்கு. எல்லாருக்கும் அனுப்பியிருக்கு."

போதகர் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்ட நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. கனகதாஸ். அப்பாவோடு ஒரே வண்டியில் வருடக்கணக்காக ஓடிய டிரைவர், வெள்ளறடைக்காரர். அஜிஷா வீட்டின் பின்பக்கம் போய் எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"எலே ராபின்சனே! பென்ஷன வாங்கிட்டு சும்மா கெடக்க முடியேல இல்லியா ஒனக்கு? என்ன கடையாக்கும் தொறக்க? பாத்தேன், பாத்தேன், குரூப்புல பாத்தேன். மூணு மணிக்கு ஒண்ணும் என்னால வர முடியாது, கேட்டியா, கால் முட்டு வேதனை. நான் வாறப்ப ஓசிச் சாயா உண்டுமா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல."

"அங்கிள், நான் அஜிஷா. அப்பா மரிச்சுப்போனாரு. நேத்து காலத்த."

பலகையில் அவள் சொல்லாமல் விட்டதை முதல்முறையாக வாயால் சொன்னாள். அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

"மக்ளே" என்றார் கனகதாஸ். "நான் கைதட்டுல்லா போட்டேன்."

"என்ன அங்கிள்?"

"குரூப்புல. மூணு கைதட்டு. ஒரு பூச்செண்டும் போட்டேன். தெரியாம போட்டேன் மக்ளே. அத எப்பிடி அழிக்கியது? எனக்கு அழிக்கத் தெரியாதே."

அவள் குரூப்பைத் திறந்தாள். அவருடைய கைதட்டு தனியாக இல்லை. மலையாளத்தில் 'ஆசம்சகள்.' 'வாழ்த்துகள் சகோதரா.' 'இந்த வயசிலும் உழைக்கிற மனசு!' பலூன்கள். பட்டாசு. ஒருவர், திறப்பு நாளில் தள்ளுபடி உண்டா என்று கேட்டிருந்தார். வந்த வாழ்த்துக்கெல்லாம் ராபின்சன் பதில் போடவில்லை என்று இன்னொருவர் செல்லமாகக் கோபித்திருந்தார்: 'முதலாளி ஆனதும் கண்டுகொள்வதில்லை.'

முன்பக்கத்தில் பாட்டு தொடங்கிவிட்டது. அஜிஷா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல அந்தப் பாட்டு கேட்டது.

கனகதாஸ் ஆட்டோ பிடித்து வந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் நின்று அவர் சொன்னாராம்: "அவன் டபுள் பெல் அடிக்காம நான் ஒருநாளும் வண்டி எடுத்தது கெடையாது. அவன் எடுத்துட்டுப் போயிட்டான்."

(இதை அவர் உண்மையிலேயே சொன்னாரா, ஜெயபாய் பிறகு அவருக்காகச் செய்து வைத்ததா, தெரியவில்லை. கதைக்காரி என்ற முறையில் அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.)

6

சில வாரங்கள் கழித்து அஜிஷா லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் கூட்டத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய மேலதிகாரி லேகா திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். வரிசையாகப் பல கம்பெனிகளின் சின்னங்கள். பாதிக்கு மேல் அஜிஷாவின் குழு செய்தவை.

எது எந்தக் கம்பெனி என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள் லேகா. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஜனங்களுக்கும் தெரியவில்லையாம், வாடிக்கையாளர்கள் பயந்துவிட்டார்களாம். இனி வெள்ளை கிடையாது. நிறம் வேண்டும், கூட்டம் வேண்டும், ஓரத்தில் பூ வேண்டும், தங்க எழுத்து வேண்டும். மனித முகம் கட்டாயம் வேண்டும்.

"அஜிஷா, நீ அந்த பார்டர் பக்கம்தானே? உங்க ஊர் ஃப்ளெக்ஸ் போர்டெல்லாம் கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்பேன். மேகம், புறா எல்லாம் வருமே! அவ்வளவு உயிர் அதுல."

அஜிஷா கேமராவை அணைத்தாள்.

இந்த இடத்தில் அவளுக்குள் என்ன நடந்தது என்று எழுத மூன்று நாளாக உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று எழுதினேன், ஒட்டவில்லை. அவமானம் என்று எழுதினேன்; அது என்னுடையதுபோல இருந்தது. கடைசியில் இப்படி நினைக்கிறேன். இத்தனை வருடமும் அவள் செய்தது ஒரு நம்பிக்கை என்று எண்ணியிருந்தாள். தேவையில்லாததை எடுத்தால் உண்மை மிஞ்சும் என்று, ஜெபத்தை நம்புகிறவர்கள் நம்புவதுபோல, நம்பியிருந்தாள். அது ஒரு சீசனாக இருந்திருக்கிறது, மாங்காய் சீசன் மாதிரி. சீசன் முடிகிற கடைசி வாரத்தில் அவள் அப்பாவை அதற்குள் வைத்துப் புதைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் அவர் இருந்திருந்தால் பலகையில் அவருக்கு முகம் இருந்திருக்கும்.

வெளியே ஜெயபாய் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். மழை வந்துவிட்டது. முக்கிலிருந்து திரும்பி வந்த வெள்ளை ஃப்ளெக்ஸை எடுத்துக் கூட்டின்மேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத ஏன் அங்க போடுற?"

"பின்ன எங்க போட? இதுல யாரு இருக்கா?" ஜெயபாய் நான்கு மூலைக்கும் கல் வைத்தாள். "மொகம் இருந்தா போடுவேனாட்டி?"

7

ஒருநாள் தாயும் மகளும் வெள்ளறடை பஸ்ஸில் போனார்கள். ஆரியங்கோட்டில் ஏறிய ஒரு பெண் ஜெயபாயின் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எக்கா, நீங்க அந்தக் கண்டக்டருக்க வீட்டுக்காரியில்லா? வண்டி நிக்கிய முக்குல ரெண்டு பேரையும் சேத்துப் பாத்திருக்கேன். அவர இப்பக் காணவே இல்லியே? எனக்க மவ வயித்துல கெடக்கப்ப ஸ்டாப்பே இல்லாத எடத்துல நிப்பாட்டித் தருவாரு. சுகந்தானா?"

அஜிஷா கம்பியை இறுகப் பிடித்தாள்.

"சுகமா இருக்காரு" என்றாள் ஜெயபாய்.

"கேட்டேண்ணு சொல்லணும்."

"சொல்லுதேன்."

அந்தப் பெண் இறங்கிய பிறகு அஜிஷாவால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெயபாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா அவ பஸ்ஸுல இருந்து அழுவா. எதுக்கு?" கொஞ்ச தூரம் போன பிறகு: "இப்பிடி இன்னும் எத்தன பேருக்கு அவரு உயிரோட இருக்காரோ."

8

ஓராண்டு நெருங்கியது. கனகதாஸ் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வு பெறும் நாளில் யாரோ எடுத்தது. காக்கிச் சட்டை, கையில் டிக்கெட் பை, ஃபுட்போர்டில் ஒரு கால். அதில் ராபின்சன் கண்ணைத் திறந்து சிரித்தார்.

இந்த முறை ஜெயபாயும் அபிலாஷின் கடைக்கு வந்தாள். அவனுக்கு அஜிஷாவைக் கண்டதில் ஏக சந்தோஷம்.

"எக்கா, ஒங்க டிசைன் இப்ப இங்க ஹிட்டாக்கும். 'ராபின்சன் மாடல்'ணு கேட்டு வாறாவ. ரெண்டு பேக்கரி, ஒரு பல் டாக்டர்."

ஜெயபாய் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பை விழுங்கினான். பழைய மாதிரியைத் திறந்தான். வானம், மேகம், ஒளி. முட்டை ஓட்டைக்குள் முகம் வந்து உட்கார்ந்தது.

"புறா ரெண்டு போராது" என்றாள் ஜெயபாய்.

"நாலு?"

"நாலு போடு. மெழுகுவர்த்தி பெருசா வரட்டு. கண்டக்டர்ணு எழுது. வெள்ளறடை வண்டிண்ணும் எழுது."

அஜிஷா எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு, மூன்று மணி, வீட்டில் ஜெபம் என்ற வரியும் வந்தது. எல்லாம் முடிந்ததும் அபிலாஷ் மேலே ஒரு சிவப்புப் பட்டை போட்டு, மலையாளத்திலும் தமிழிலும் 'முதலாம் ஆண்டு நினைவு' என்று தட்டினான்.

"அத எடு" என்றாள் ஜெயபாய்.

"எத?"

"மேல உள்ள எழுத்த."

"அம்மா" என்றாள் அஜிஷா. "அத எடுத்தா நேத்து மரிச்சாருண்ணு நெனச்சு ஆளுவ ஓடி வருவாவ."

"வரட்டு."

"வந்து யாரப் பாக்க? வீட்டுல என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்." ஜெயபாய் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எத்தனையோ எடுத்தியே மக்ளே. ஒனக்கு எடுக்கத்தானே தெரியும்? எனக்காவ இந்த ஒண்ண எடு."

அபிலாஷ் நாற்காலியை விட்டு எழுந்தான். அஜிஷா உட்கார்ந்தாள். சிவப்புப் பட்டைக்குள், 'நினைவு' என்ற சொல்லுக்குப் பின்னால், கர்சர் அணைந்து அணைந்து எரிந்தது.

9

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் எடுத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவருகிறார்கள், ஹைவே உண்மையிலேயே நிற்கிறது, அடுக்கிவைத்த நாற்காலி ஒன்றுகூட இல்லை. முதலில் வந்தவர், "பெட்டி எங்கம்மா?" என்று கேட்கிறார். ஜெயபாய் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள், அவள்... இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

இரண்டாவதில் அவள் எடுக்கவில்லை. ஆட்கள் பஸ்ஸில் இருந்தபடியே பலகையைப் படிக்கிறார்கள். ஐயோ, இவரா, போன வருஷமேவா என்று திடுக்கிடுகிறார்கள். பஸ் கிளம்பிவிடுகிறது. இதை எழுதி முடித்ததும் அடுத்த தடவை முட்டை வாங்கப் போக முடியாது என்று தோன்றியது.

மூன்றாவதில் பெங்களூர்க் கம்பெனியின் புதிய விளம்பரம் மேகமும் புறாவுமாக முக்கில் வந்து நிற்கிறது. ஜனங்கள் கூடி, மரித்தது யார் என்று விசாரிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான முடிவு. அதனால் கிழித்துப்போட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பலகை அச்சாகி விட்டது. நாளை ஞாயிறு. நீங்கள் அந்த வழியாகப் போகிறவர் என்றால் ஜன்னலோரம் உட்காருங்கள். பாறசாலை முக்கில் பஸ் நிற்கும். மேகத்துக்கு நடுவே ஒருவர் கண்ணைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கு மேலே சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வழியில் போகலாம்.

இல்லையென்றால் இறங்கிவிடுங்கள். மூன்று மணி, வீட்டில். நாற்காலி போட்டிருப்பார்கள்.